தண்டவாளம் திரும்பி வந்தது, கப்பல் எப்போது?

நுகேகொடையில் இன்று கோச்சி பிடிக்கும் இளைஞர்களுக்கு இந்தச் செய்தி புதிதாக இருக்கலாம். களனிவெளிப் பாதையில் ஒரு காலம் ஓடியது சின்னக் கோச்சி. அதன் தண்டவாள அகலம் 762 மில்லிமீற்றர்தான். நாட்டின் பிரதான பாதைகளுக்கோ 1,676. ஆகவே சின்னக் கோச்சியின் பெட்டி அந்தப் பாதைகளில் போகாது. சாமானை இறக்கி வேறு பெட்டியில் ஏற்ற வேண்டும். 1990களில் களனிவெளிப் பாதையும் அகலமாக்கப்பட்ட பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

சரக்குப் போக்குவரத்தின் பெரிய தலைவலியே இந்த இறக்கி ஏற்றுதல்தான். மூட்டையை ஒவ்வொரு முறை தொடும்போதும் கூலி, தாமதம், சேதம். நாட்டுக்கு நாடு போகும் சரக்கென்றால் இதோடு சுங்கமும் கடுதாசியும் சேரும். புறக்கோட்டையில் வெங்காயம் இறக்கும் எந்த முதலாளியைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்.

போட் மெயில் காலம்

நம் மூத்த தலைமுறைக்கு போட் மெயில் தெரியும். 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையில் இருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மீண்டும் ரயில் என்று ஒரே பயணமாக அது அமைந்தது. கடற்பகுதி ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். ஆனால் தனுஷ்கோடி வரை வந்தது மீற்றர் பாதை, அதாவது 1,000 மில்லிமீற்றர். இந்தப் பக்கம் அகலப் பாதை. கப்பலில் பெட்டியை ஏற்றிக் கொண்டுவந்திருந்தாலும் இங்கே அது ஓடியிருக்காது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டு போனது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடியது. 1980களின் முற்பகுதியில் நாட்டு நிலைமை கெட்டதும் அதுவும் நின்றது. 1990 இல் யுத்தத்தால் தலைமன்னார் ரயிலும் நின்றுபோனது.

இன்று இரு கரையிலும்

இந்தியாவில் மானாமதுரை–இராமேஸ்வரம் பாதை 2007 இல் அகலப் பாதையானது. இலங்கையில் இந்தியக் கடனுதவியோடு பாதை மீளக் கட்டப்பட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் வந்தது. 2025 ஏப்ரல் 6 இல் புதிய பாம்பன் பாலமும் திறக்கப்பட்டது. அன்று ஒரு கரையில் 1,000, மறு கரையில் 1,676. இன்று இரண்டு கரையிலும் 1,676. அகலம் வேறாக இருந்த காலத்தில் கப்பல் ஓடியது. அகலம் ஒன்றான காலத்தில் கப்பல் இல்லை!

அப்படியானால் குறை எங்கே? உடன்படிக்கையில்தான். இதற்கு முஸ்லிம் நாடுகளிடையே ஓர் உதாரணம் இருக்கிறது. இஸ்லாமாபாத்–தெஹ்ரான்–இஸ்தான்பூல் சரக்கு ரயில் 2009 ஓகஸ்டில் வெள்ளோட்டம் கண்டது. தூரம் சுமார் 6,500 கிலோமீற்றர். பாகிஸ்தானின் பாதை நம்முடையதைப் போல 1,676. ஈரானில் 1,435. ஆகவே சாஹிதானில் சரக்கை மாற்றி ஏற்ற வேண்டும். துருக்கியின் வான் ஏரி குறுக்கே வரும் இடத்தில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றிக் கடக்கிறார்கள். அகலம் மாறுவதற்கும் தண்ணீர் குறுக்கிடுவதற்கும் வழி இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அந்த ரயில் சில ஓட்டங்களோடு நின்று, 2021 டிசம்பரில்தான் மீண்டும் புறப்பட்டது. தண்டவாளம் இருந்தால் மட்டும் போதாது. கட்டணம், காப்புறுதி, சுங்கச் சோதனை, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டு, சரக்கும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும்.

ஆசைப்படுவதிலும் அளவு வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் கைமாறும் கொள்கலன்களில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற சரக்குத்தான். அந்தப் பெரிய கப்பல்களோடு தலைமன்னார் போட்டி போட முடியாது. ஆழமற்ற கடல் அது. அதற்குப் பொருத்தமானது சின்னச் சரக்கு: வெங்காயம், மிளகாய், துணி, மருந்து. இன்று கொழும்பில் இறங்கும் இந்தியச் சாமான் மன்னாருக்குப் போக லொறியில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஓட வேண்டும். அது புறப்பட்ட நாடோ மன்னாருக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம்.

நமக்கு இதில் என்ன?

ரயில் நின்ற அதே 1990 இல், ஒக்டோபர் மாதம், வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி மக்களும் அதில் அடக்கம். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. பாதை 2015 இல் மன்னாருக்குத் திரும்பியது. மக்களில் பலர் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் காணிப் பிரச்சினை, தொழில் பிரச்சினை.

2024 டிசம்பரில் வெளியான இந்திய–இலங்கைக் கூட்டறிக்கை, இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பல் சேவையை விரைவில் மீளத் தொடங்க அதிகாரிகள் முயல வேண்டும் என்கிறது. அது நடந்தால் தலைமன்னாரில் களஞ்சியம் வரும், சுங்க அலுவலகம் வரும், லொறிக்கும் கூலிக்கும் வேலை வரும். அப்போது காணி யாருக்குப் பங்கிடப்படும், அனுமதிப்பத்திரம் யாருக்குக் கிடைக்கும் என்பது இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. ஊரில் பதிவில்லாதவனுக்கு விண்ணப்பப் படிவம்கூட எட்டாது. கப்பல் வந்த பிறகு கேட்டால், கொழும்பிலிருந்து பணத்தோடு போகிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள். அதில் நம்மவர்களும் இருப்பார்கள்.

மன்னார் மாவட்டப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர்களும், அங்குள்ள தமிழ் மீனவர், வியாபாரிகளோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரே கோரிக்கையாக எழுத வேண்டும். மீளக் குடியேறியவர்களுக்கும் திரும்பக் காத்திருப்பவர்களுக்கும் காணியில் பங்கு, சிறு வியாபாரிக்குத் தனிச் சுங்க ஏற்பாடு, மீனவரின் கரைக்குப் பாதுகாப்பு. இந்த மூன்றும் பேச்சுவார்த்தை மேசைக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும்.