மூச்சை இழுப்பதா, விடுவதா?

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் மூச்சிரைப்பவரிடம், "நன்றாக மூச்சை இழுங்கள்" என்கிறோம். உண்மையில் அவருக்குப் பெருந்தடை மூச்சை விடுவதில்தான். குறுகிய குழாய்களால் வெளியேற முடியாத காற்று தேங்கி, கவிழ்த்த கிண்ணம் போன்ற உதரவிதானத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. தொய்ந்த கவண் ரப்பர் கல்லை எறியுமா? அவ்வாறே குறுகிய அத்தசையின் விசையும் குறைகிறது. கழுத்தும் தோளும் துணைக்கு வருகின்றன.

ஆயினும் உதரவிதானம் சோம்பிக் கிடப்பதில்லை. நோய் முற்றியவர்களிடம் எளிதில் களைக்காத தசையிழைகள் மிகுந்திருப்பதை 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர்.

மேசையில் முழங்கையூன்றிச் சற்றே முன்குனிந்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் உதடு குவித்து ஊதினால் தேங்கிய காற்று குறையும். இழுத்ததைப்போல் இருமடங்கு நேரம் விடவேண்டும். படியேறும்போதும் அப்படியே, உடன் வருவோர் அவசரப்படுத்தலாகாது.