தாமான் கயிற்றைக் கையில் வையுங்கள்

ஆத்தூரிலிருந்து சேர்ந்தபூமங்கலம் வழியாகக் கிழக்கே போனால் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் சேரும் இடம். ஆறு வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும், நடுவில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த வழியில் இன்று படகு தரைதட்டலாம். புதிதாகப் படகு பிடிக்கும் இளைஞர் பலருக்குக் கண்டம் ஆழ்கடலில் இல்லை. இந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது.

வற்று நீர் வேகமாக வெளியேறும் நேரத்தில் எதிரே அலை வந்தால், அலை செங்குத்தாக எழும்பி உடையும். அதைப் பார்த்துப் பயந்து பாதி வழியில் படகைத் திருப்புவதுதான் தொடக்கக்காரரின் தவறு. திருப்பும்போது படகின் பக்கம் அலைக்கு நேராக நிற்கும். ஒரே அடியில் கவிழும். அனுபவப்பட்டவர்கள் வெளியே நின்று, பெரிய அலைகள் வரிசையாக வந்து ஓயும் வரை பார்த்து, இடைவெளியில் நேராக ஏறுவார்கள். ஏறிய பிறகு திரும்புவதில்லை.

பாய்மர வள்ளங்கள் ஓடிய காலத்தில் இதே போல இன்னொரு பாடம் இருந்தது. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு கையை அறுக்கும். வலிக்கிறதே என்று அதைக் கட்டையில் இறுக முடிச்சுப் போட்டுவிட்டால், திடீரென்று காற்று ஓங்கி அடிக்கும்போது அவிழ்க்க நேரம் இருக்காது. கையிலேயே இருந்தால் விட்டுவிடலாம். பாய் காற்றை உதறும், வள்ளம் நிமிரும். காற்று வரும் பக்கம் பலகையை நீட்டி, அதில் ஆள் ஏறி நின்று வள்ளத்தைச் சமன்செய்த வழக்கத்தைப் படகு ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார். யாரோ கவிழ்ந்து கற்றதைத்தான் இந்தக் கரை பழக்கமாக்கி வைத்தது. பாய் போய் இன்ஜின் வந்தபோது அந்தப் பயிற்சியும் கைமாறாமல் நின்றுபோனது. என் கவலை அதுதான்.

அந்தக் கவலைக்குக் காரணம் மணப்பாடு. 2017 பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை, அங்கே உல்லாசமாகக் கடலைச் சுற்றிப் பார்க்க மீன்பிடிப் படகில் ஏறியவர்களின் படகு கவிழ்ந்து, ஒன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வலையையும் மீனையும் சுமக்கக் கட்டிய படகு அது. வலை கிடந்த இடத்தில் கிடக்கும். மனிதர்கள் அப்படி இருப்பதில்லை. அலையைப் பார்த்ததும் எழுவார்கள், படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். உள்ளே தேங்கிய தண்ணீரும் அதே பக்கம் ஓடும். பத்து விநாடி போதும்.

மீன்பிடிப் படகாகப் பதிவானதில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 284ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. பணம் கொடுத்து ஏறியவர் நுகர்வோரும்கூட: இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஏறுவதற்கு முன்பே எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்பதும், லைஃப் ஜாக்கெட் இல்லாவிட்டால் இறங்கிவிடுவதும் உங்கள் உரிமை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. கரையிலேயே போட்டு, வாரை இறுக்க வேண்டும். பெரியவர் அளவை குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும்.

படகு கவிழ்ந்துவிட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரை கண்ணுக்குப் பக்கமாகத் தெரியும், கடல் நீரோட்டமான நீவாடு வேறு பக்கம் இழுக்கும். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டே கிடந்த சிலர் ஒக்கிப் புயலிலும் மீட்கப்பட்டார்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது, நாள் கணக்கில் முன்பே கிளம்பிப் போன ஆழ்கடல் படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் அதற்குக் கொடுத்த விலையை நாம் மறக்கக் கூடாது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே கரையிலிருந்து செய்தி வாங்கும் கருவிகள் வந்தன. ஒரு லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. உங்கள் படகுக்கு வரவில்லையென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரை கிடைக்கும். பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கடலுக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். விபத்து நடந்தால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகவும் மீன்வளத்துறைக்குத் தகவல் போகவும் அன்றே செய்ய வேண்டும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று துக்கத்தில் சொல்லிவிடாதீர்கள், இழப்பீடு அங்கேயே முடங்கும். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாத பிறகே இறந்ததாகக் கருதலாம் என்பது பொது விதி. ஆனால் ஒக்கியில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லாமலே அரசு நிவாரணம் கொடுத்தது. அந்த முன்னுதாரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் படகில் போகிறவர் மட்டுமல்ல, கரையில் காத்திருக்கும் அம்மாவும் மனைவியும் போனில் பதிந்து வைக்க வேண்டும். திரும்பி வருவதாகச் சொன்ன நேரம் தாண்டினால் மறுநாள் வரை பார்க்காமல் உடனே அழையுங்கள்.