போடியில் ஒரு வயோலா

போடியிலிருந்து சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். மேற்கே கூடவே வருவது ஏலமலை. அந்த ஊரிலிருந்து 1968இல் சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்த கதையை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சினிமாப் பாட்டில் வயலின்கள் உச்சத்தில் பறக்கும்போது, அவற்றுக்குக் கீழே கொஞ்சம் கரகரத்த, தணிந்த ஒரு தந்திக்குரல் போய்க்கொண்டிருக்கும். அதுதான் வயோலா. சென்னை ரெக்கார்டிங் கூடங்களில் ஸ்ட்ரிங்ஸ் வரிசையில் உட்கார்ந்து நான் வாசித்தது அதைத்தான். இப்போது போடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கூட்டத்துக்குள் ஒளிந்தே பழகிய இந்த வாத்தியத்தை, ஒரே ஒரு பியானோவின் துணையோடு தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கென்று எழுதப்பட்ட இசை இருக்கிறது. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், இசைக்காரர்கள் ரொமான்டிக் காலம் என்று சொல்லும் காலத்தில் எழுதியது. நடத்துனர் கிடையாது, பெரிய மேடை தேவையில்லை. ஒரு கூடத்தில் இரண்டு பேர், ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசிப்பது. இதைச் சேம்பர் இசை என்பார்கள்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். பார்வைக்குக் கொஞ்சம் பெரிய வயலின். நான்கு தந்திகளும் வயலினைவிட ஐந்து ஸ்வரம் கீழே, அதாவது ஸ–ப இடைவெளி கீழே சுருதி சேர்ந்திருக்கும். வயலினின் அடித்தந்தி நொடிக்கு 196 முறை அதிரும். வயோலாவின் அடித்தந்தி சுமார் 130 முறை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் 14 அங்குல வயலின் பெட்டி, வயோலாவில் 21 அங்குலமாக வளர வேண்டும். அவ்வளவு பெரிய பெட்டியைத் தோளில் வைத்து யாராலும் வாசிக்க முடியாது. அதனால் 16 அங்குலத்தை ஒட்டி நிறுத்திவிட்டார்கள். ஆழமான ஸ்வரங்களுக்குப் பெட்டி போதவில்லை. அவற்றின் அடிநாதம் மெலிந்து, மேலே பிறக்கும் உபநாதங்கள் தூக்கலாகின்றன. துக்க வீட்டில் விடிய விடியப் பாடிய ஒப்பாரிக்காரப் பாட்டியின் தொண்டை எனக்கு அதில் கேட்கும். பெட்டியின் போதாமைதான் அந்தக் குரலைத் தந்தது. அதைச் சரிசெய்துவிட்டால் வயோலாவே இல்லை.

இனி அதற்கு எழுதிய இசையமைப்பாளர்கள். மெண்டல்ஸோன் 1824இல், பதினைந்து வயதுப் பையனாக, வயோலாவுக்கும் பியானோவுக்கும் ஒரு சொனாட்டா, அதாவது பல பகுதிகள் கொண்ட ஓர் இசைப்படைப்பு, எழுதினார். அது அச்சேறியது 1966இல்தான். ஷூமன் 1851இல் டூஸல்டார்ஃப் நகரில் ‘மேர்ஷன்பில்டர்’ எழுதினார்; தேவதைக் கதைப் படங்கள் என்று கொள்ளலாம். நான்கு சிறு துண்டுகள். மூன்றாவது குதித்தோடும். நான்காவது தாலாட்டு. குழந்தை தூங்கிய பிறகும் தாய் தனக்காகப் பாடிக்கொண்டே இருப்பதுபோலத்தான் அதை நான் வாசிப்பேன்.

என் மனசு நிற்கும் இடம் பிராம்ஸ். 1890இல் இனி எழுதப்போவதில்லை என்று பேனாவை மூடி வைத்தவர் அவர். மறு ஆண்டு மைனிங்கன் அரண்மனை இசைக்குழுவில் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் என்பவரின் கிளாரினெட் வாசிப்பைக் கேட்டு, மறுபடி எழுத உட்கார்ந்தார். 1894 கோடையில் பாட் இஷ்ல் என்ற மலையூரில் இரண்டு சொனாட்டாக்கள் பிறந்தன. கிளாரினெட்டுக்காக எழுதியவை, வயோலாவுக்கும் பிராம்ஸே மாற்றித் தந்தார். மிக உயரே போகும் சில இடங்களை ஒரு ஸ்தாயி இறக்கி வைத்தார். அதற்கப்புறம் அவர் சேம்பர் இசை எழுதவில்லை. 1897இல் இறந்துபோனார்.

முதல் சொனாட்டாவின் இரண்டாம் பகுதியை என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் அம்மா விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். கர்நாடக வயலின் கற்றுவிட்டு வயோலாவுக்கு வந்த கை அவளுடையது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கமகம் கொடுத்தாள். “அசைக்காதம்மா, நில்லு” என்றேன். “சும்மா நின்னா உயிரே இல்லாத மாதிரி இருக்கு சார்” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். நம் கச்சேரியில் தம்புரா நிற்கும், அதன்மேல் ஸ்வரம் அசையும். பிராம்ஸில் வயோலா ஒரு ஸ்வரத்தில் நிற்க, பியானோ அதற்கடியில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டங்களை, மாற்றிக்கொண்டே போகிறது. ஏறுவது இறங்குவது எதுவும் இல்லாமலே அதே ஸ்வரம் முதலில் ஆறுதலாகவும் அடுத்த நொடி ஏக்கமாகவும் கேட்கிறது. கீபோர்டில் அடியிலுள்ள கார்டுகளை மட்டும் நான் மாற்றி மாற்றி வாசிக்க, அவள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருந்தாள். மூன்றாவது கார்டில் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு வேறெதுவும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பியானோவுக்கும் இங்கே பொறுப்பு அதிகம். வயோலா பாடும் இடமும் பியானோவின் நடுப்பகுதியும் ஒரே உயரம். அங்கே கட்டைகளை அடர்த்தியாக அழுத்தினால் வயோலா மூழ்கிப்போகும். பிராம்ஸ் தேர்ந்த பியானோக்காரர்; தேவையான இடத்தில் கைகளை மேலும் கீழுமாக விலக்கி நடுவில் வழி விடுகிறார். பக்கவாத்தியம் என்ற நினைப்போடு வாசித்தாலும் கெடும், தனிக்கச்சேரி என்று வாசித்தாலும் கெடும்.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: ரெபெக்கா கிளார்க். வயோலா வாசித்தே பிழைத்த இங்கிலாந்துப் பெண். 1919இல் அமெரிக்காவில் எலிசபெத் கூலிட்ஜ் நடத்திய போட்டிக்கு ஒரு சொனாட்டா அனுப்பினார். எழுதியவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது. முடிவில் கிளார்க்குக்கும் எர்னஸ்ட் பிளாக் என்ற இசையமைப்பாளருக்கும் சமவாக்கு. கூலிட்ஜ் பிளாக் பக்கம் வாக்களித்தார். எழுதியவர் பெண் என்று தெரிந்த பிறகும், அந்தப் பெயர் ஓர் ஆணின் புனைபெயராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. காலத்தால் ரொமான்டிக் யுகத்துக்குப் பிந்தியது என்றாலும் அந்தச் சொனாட்டாவின் ரத்தம் அந்தக் குடும்பத்துடையதே. என் மாணவி அடுத்து அதைத்தான் கேட்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் விரல் பழக வேண்டும்.

நம்மவர்களுக்கு வயோலா முழுக்க அந்நியமும் இல்லை. பாலமுரளிகிருஷ்ணா அதில் கர்நாடக இசை வாசித்திருக்கிறார். கேட்கத் தொடங்குகிறவர்கள் ஷூமனின் நான்காவது துண்டிலிருந்து தொடங்குங்கள். அடுத்து பிராம்ஸின் முதல் சொனாட்டா, இரண்டாம் பகுதி. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அந்த 130 அதிர்வுத் தந்தியின் அடிநாதம் அதில் ஏறக்குறைய வருவதே இல்லை. நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.