உங்களுக்குத் தெரியுமா? தொட்டிச் செடிக்கு ஏற்ற அடித்தளம்

நன்னீர் மீன்தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மீன் அல்ல, செடி. இலங்கை ஓடைகளில் இயல்பாக வளரும் வென்டி வகைக் கிரிப்டோகோரைன் வேர்வழியே சத்தை உறிஞ்சுவது. அதற்கு 5 முதல் 7 செ.மீ. ஆழம் வேண்டும். அனுபியாஸ், ஜாவா பெரணி ஆகியவற்றின் கிழங்குத்தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். அவற்றைக் கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவிட்டால் போதும், அடியில் என்ன இருந்தாலும் கவலையில்லை.

புதிதாகத் தொடங்குவோருக்குத் தொல்லையில்லாதது 2–3 மி.மீ. பருமனுள்ள, நன்கு கழுவிய ஆற்றுச் சரளை. அதில் சத்து கிடையாது. வேரருகே உர மாத்திரை புதைக்க வேண்டும். கடைகளில் விற்கும் அக்வாசாயில் என்பது சூட்டில் பதப்படுத்திய மண் உருண்டை. சத்து அதிகம், விலையும் அப்படியே. பல வகைகள் முதல் சில வாரங்கள் அம்மோனியாவை வெளிவிடுவதால் உடனே மீன் விடக் கூடாது. சரளையைப் போல இதை அலசித் தேய்த்தால் உருண்டை உடைந்து சேறாகும்.

கடற்கரை மணல் காசில்லாமல் கிடைப்பதுதான்; ஆனால் அதில் கலந்துள்ள சிப்பித்தூள் நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். சந்தேகமிருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.