அரசன் காட்டுக்குப் போகலாமா?

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற, ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் மேஜை விளையாட்டுகளை நெடுநாள் ஆடுபவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் வந்தே தீரும். குகை குகையாய் அலைந்து பூதங்களைக் கொன்று பொன் சேர்த்த வீரன், ஒரு நாள் சிற்றரசன் ஆகிவிடுகிறான். இனி அவன் குகைக்குப் போனால் நாட்டை யார் பார்ப்பது? போகாவிட்டால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகளுக்கு என்ன வேலை?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதல் விதித்தொகுப்பிலேயே இதற்கு விதை இருக்கிறது. உயர்நிலை வீரன் கோட்டை கட்டலாம். குடிமகன் ஒருவருக்கு ஆண்டுக்கு 10 பொற்காசு வீதம் வரி வாங்கலாம். 1995இல் வந்த ‘பர்த்ரைட்’ என்ற ஆட்டத்தொகுப்பு, மூன்று மாதத்தை ஒரு சுற்றாக வைத்து ஆட்சி நடத்தச் சொன்னது. 2010இல் வந்த ‘கிங்மேக்கர்’ என்ற சாகசத் தொடர், காட்டைத் துருவி அங்கேயே நாடு அமைத்து மாதாமாதம் கணக்குப் பார்க்க வைத்தது. விதிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒரு மாலை முழுக்க வரவுசெலவு, மறு மாலை முழுக்கச் சண்டை என்று ஆட்டம் இரண்டாகப் பிளந்துவிடுவதுண்டு.

நம் விக்கிரமாதித்தனுக்கும் இதே பிரச்சினைதான். அரியணையில் ஆயிரம் ஆண்டு வீற்றிருக்க அவனுக்கு இந்திரன் வரம் தந்தான். மந்திரி பட்டிக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். கணக்கு இடித்தது. நாடாறு மாதம், காடாறு மாதம் என்று பட்டி பாதை வகுத்தான். அரியணை ஏறாத மாதங்கள் வரத்தில் கழியாது. அரசனுக்கும் இரண்டாயிரம் ஆண்டு கிடைத்துவிடும்.

இந்த அரசனின் கதைகளைப் பாடப்புத்தகமாக்கிய ஊர் கொல்கத்தா. கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு இந்திய மொழிகள் கற்பிக்க 1800இல் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி அங்கே ஃபோர்ட் வில்லியம் கல்லூரியைத் தொடங்கினார். அதன் பண்டிதர் மிருத்யுஞ்சய வித்யாலங்கார் வங்காள மொழியில் எழுதிய ‘பத்ரிஷ் சிங்காசன்’ 1802இல் அச்சேறியது. அதே கல்லூரியில் பணியாற்றிய ஈசுவர சந்திர வித்யாசாகர், இந்தி நூலைத் தழுவி எழுதிய ‘பேதாள் பஞ்சபிம்சதி’ 1847இல் வெளிவந்தது. மாவட்டங்களை ஆளப் போகிறவர்கள், காடு சுற்றிய அரசனின் கதையைப் படித்து மொழி கற்றார்கள்.

அந்த இரண்டு நூல்களிலும் விளையாட்டுக்காரர்களுக்கு விடை இருக்கிறது. முதல் நூலில், பிற்கால அரசனான போஜராஜன் விக்கிரமாதித்தனின் அரியணையில் ஏறப் போகும்போதெல்லாம் அதிலுள்ள ஒரு பதுமை வாய் திறந்து, விக்கிரமாதித்தனின் ஒரு செயலைச் சொல்லி, “இப்படி உன்னால் முடியுமா?” என்று கேட்கிறது. சாகசம்தான் அங்கே ஆளும் தகுதிக்குச் சான்று. இரண்டாவது நூலான வேதாளக் கதையில் நள்ளிரவு, சுடுகாடு, தோளில் பிணம் என்று பயங்கரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேதாளம் கேட்பதெல்லாம் வழக்குகள். இறந்து பிழைத்த பெண் மூவரில் யாருக்கு மனைவி? தலை மாறிய இருவரில் யார் கணவன்? சுடுகாட்டு நடுவிலும் அரசன் தீர்ப்புச் சொல்லித்தான் ஆகவேண்டும். காட்டுக்குள்ளேயே நாடும் வந்துவிடுகிறது.

மேஜையில் ஆட்டம் நடத்துபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரிக் கணக்கைப் பத்து நிமிடத்தில் பகடை உருட்டி முடித்துவிடுங்கள். குகையில் புதையலை மட்டும் வைக்காமல், அரசன் மட்டுமே தீர்க்கக்கூடிய ஒரு வழக்கையும் வையுங்கள்: பூதம் பிடித்துவைத்திருக்கும் நீர்நிலை எந்த ஊருக்குச் சொந்தம் என்பதுபோல. அவன் சொல்லும் தீர்ப்பின் பலன் அடுத்த அமர்வில் அவன் நாட்டில் தெரியட்டும். மந்திரி வேடத்தை ஒரு நண்பருக்குக் கொடுங்கள். பட்டி இல்லாமல் விக்கிரமாதித்தனாலேயே ஆயிரம் ஆண்டைத் தாண்ட முடிந்திருக்காது.