மூலையில் நிற்கும் சைக்கிளை வெளியே எடுங்கள்

"காலை அஞ்சரைக்கு எழுந்தா ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார நேரமில்லை. இதுக்கு மேல உடற்பயிற்சி வேறயா டாக்டர்?" நம்மில் முக்கால்வாசிப் பேர் டாக்டரிடம் சொல்லும் பதில் இதுதான். அதில் பொய்யும் இல்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன். அடுப்புக்கு முன்னால் நிற்கிறோம், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு முன்னால் நிற்கிறோம், மிக்ஸி ஓடி முடிகிற வரை நிற்கிறோம். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போய் எத்தனையோ வருஷமாச்சு. கால் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, எல்லாம் சரி. மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி, நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிற மாதிரி, சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் எந்த வேலையாவது செய்கிறோமா? டாக்டர் கேட்பது அதைத்தான்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை அந்த மாதிரி மிதமான உழைப்பு பெரியவர்களுக்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் நாளைக்கு 25 நிமிஷம். கேட்க சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட வேனுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில் அந்த 25 நிமிஷத்தை எங்கேயிருந்து பிடிப்பது? 'வாக்கிங்' என்று தனியாகக் கிளம்பினால் திரும்பி வரும்போது செய்யவேண்டிய வேலை அப்படியே காத்திருக்கும். சைக்கிளில் இந்தத் தொல்லை கிடையாது. காய்கறி வாங்கப் போகிற நேரமே பயிற்சி நேரம். இரண்டு கிலோமீட்டர் தூரத்தை நடந்து கடக்க 25 நிமிஷம் ஆகும். நிதானமாக மிதித்தாலும் சைக்கிளில் பத்து நிமிஷம் போதும். போக வர இருபது நிமிஷம் உழைப்பும் ஆச்சு, கத்தரிக்காயும் வந்தாச்சு.

மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்த்தபோது 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருந்தால் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய கணக்கெடுப்பு 2023ல் வெளியானது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். துணைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள் என்று சந்தோஷப்படவா முடியும்! "மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைக் குறைங்க, உடம்பை அசைங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் என் மகளின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள். அவள் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போனபின் அது மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, குடை மாட்டவும் ஈரத் துண்டு காயப்போடவும் பயன்பட்டு வந்தது. உங்கள் வீட்டிலும் ஒன்று அப்படி நிற்கலாம். 2000க்குப் பிறகு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று முதலில் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்த திட்டம் அது. எத்தனை வீட்டில் அந்தப் பெண் கல்யாணமாகிப் போனதும் சைக்கிள் தம்பிக்குப் போகிறது, இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகிறது! ஓட்டத் தெரிந்த பெண் ஓட்டாமலே இருபது வருஷம் கழிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் எங்கள் புதுக்கோட்டையைப் பற்றி நாலு வரி சொல்லியே ஆகவேண்டும். 1991ல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கத்தான் வந்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அந்த வேலையில் ஒரு பாகமாக்கினார். தொண்டர்களுக்கு சைக்கிள் வாங்க பாங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் பயிற்சி. கல் உடைக்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள், பால்வாடி ஆசிரியைகள், நர்சுகள் எல்லாரும் வந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500 பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, கிடைத்த ஆம்பளை சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு!

என் அம்மாவும் அந்த ஒரு லட்சத்தில் ஒருத்தி. அப்போது எனக்குப் பதினொரு வயது, அம்மாவுக்கு முப்பத்திரண்டு. கீரனூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பத்தா வாசலில் நின்று, "பொம்பள சைக்கிள் விட்டா கர்ப்பப்பை எறங்கிப் போவும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டது. அம்மா வாயே திறக்கவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை போய்க் கற்றுக்கொண்டு, ஆறாவது வாரம் வாடகைக் கடை சைக்கிளில் வந்து இறங்கினாள். அதற்கு அடுத்த வருஷம் தம்பிக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காய்ச்சல் ஏறியது. அப்பா வெளியூரில். முதல் பஸ் காலை ஏழு மணிக்குத்தான். விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டு மாமாவின் சைக்கிளை வாங்கி, கேரியரில் என்னை உட்கார வைத்து, என் மடியில் தம்பியைக் கொடுத்து, கீரனூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தாள். பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் திரும்பி வந்தபோது அப்பத்தா தண்ணீர்ச் செம்போடு வாசலில் நின்றது. அதற்குப் பிறகு கர்ப்பப்பைப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அப்பத்தாவைக் குறை சொல்வானேன்? 1890களில் சீமையிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு முகம் இறுகிப்போய் 'சைக்கிள் முகம்' என்று ஒரு வியாதி வருமென்று டாக்டர்களே எச்சரித்தார்களாம்! படித்தபோது சிரிப்பாக வந்தது.

இன்றைக்கு யாரும் அப்படித் தடுப்பதில்லை. தடை வேறு வேஷத்தில் வருகிறது. நான் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்த அன்று எங்க வீட்டுக்காரர், "ஏன், நான் சம்பாதிக்கலையா? ஸ்கூட்டி வாங்கித் தர்றேன்" என்றார். கோபமில்லை, கூச்சம். "பாவம், என்ன கஷ்டமோ" என்கிற மாதிரி எதிர்வீட்டு அக்கா பார்த்தார்கள். நாற்பது வயதுப் பெண் சைக்கிளில் போனால் வீட்டில் பணமுடை என்று அர்த்தமாகிவிட்டது. என் அம்மா காலத்தில் சைக்கிள் விட்டால் திமிர், என் காலத்தில் வறுமை! என் மாமியார்தான் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். "சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டா மட்டும் கௌரவமா? போகட்டும் விடுப்பா."

ஸ்கூட்டரை நான் மட்டம் தட்டவில்லை. பதினைந்து கிலோமீட்டர் போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் நம் வேலைகளில் பெரும்பாலானவை ரேஷன் கடை, உழவர் சந்தை, பாங்கி, மருந்துக் கடை, கோவில் என்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு பெட்ரோலும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். முக்கியமாக, "சாயங்காலம் வரும்போது வாங்கிட்டு வர்றீங்களா?" என்று யாரையும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். எனக்கு உடம்பைவிட மனசுக்கு அது செய்த நன்மைதான் பெரிசு.

உடம்புக்கு என்ன ஆச்சு என்றும் சொல்லவேண்டுமே. ஆறு மாதத்தில் சர்க்கரை 5.8க்கு வந்தது. ராத்திரி சோற்றைக் குறைத்ததும் அதில் சேரும். எடை இரண்டு கிலோதான் குறைந்தது. 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படி ஏறினால் மூச்சு முட்டுவது நின்றது, இரவுத் தூக்கம் நன்றாக வருகிறது.

முழங்கால் வலிக்காரர்கள் சைக்கிள் என்றாலே பயப்படுகிறார்கள். நடக்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் பலருக்கு நடப்பதைவிட இது சுலபம். ஆனால் சீட் உயரம் சரியாக இருக்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பள்ளிப் பிள்ளைக்கு வைத்த உயரத்திலேயே தாழ்வாக இருக்கும். முட்டி மடங்கி மடங்கி வலி வருவது அதனால்தான். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மட்டும் மடங்கும். கடைக்காரரிடம் ஸ்பானர் வாங்கி இரண்டு நிமிஷத்தில் செய்துவிடலாம். இன்னொன்று, "வண்டி கனமா இருக்கு, மிதிக்க முடியலை" என்பவர்கள் முதலில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் காற்றில்லை. வாரம் ஒருமுறை காற்று அடித்தால் பாதிக் கனம் போய்விடும்.

சைக்கிள் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நினைக்கவேண்டாம். எலும்பு உறுதிக்கு உடம்பின் பாரம் காலில் இறங்கவேண்டும். அதற்கு நடையும் மாடிப்படியும் வேண்டும். மாதவிலக்கு நாட்களில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, வலி இல்லாவிட்டால் தாராளமாக ஓட்டலாம். ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. நடு ரோட்டில் தலைசுற்றினால் ஆபத்து அல்லவா?

பிள்ளை பெற்ற தாய்மார்கள் சுகப்பிரசவமானால் குறைந்தது ஆறு வாரம், சிசேரியன் என்றால் அதற்கும் மேல் பொறுத்து, டாக்டரைக் கேட்டபிறகே ஏறவேண்டும். நிஜமாகவே கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது. வயிற்றில் பிள்ளையோடு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டாம். வயிறு பெரிதாக ஆக பாலன்ஸ் மாறும், விழுந்தால் கஷ்டம்.

குழந்தையை ஏற்றிப் போகும் இளம் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேரியரில் வெறுமனே உட்காரும் பிள்ளையின் பாதம் பின்சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கிற விபத்து. குதிகால் தோல் உரிந்து, சில சமயம் எலும்பும் முறிந்துவிடும். கால் வைக்கும் இடமும் வார்ப்பட்டையும் உள்ள குழந்தை சீட் போடுங்கள், சக்கரத்தின் இரு பக்கமும் வலை அடித்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையை ஏற்றவே கூடாது, அதன் கழுத்து குலுக்கலைத் தாங்காது. இடுப்பில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஒரு கையால் ஓட்டும் சாமர்த்தியமும் வேண்டாம்.

சேலையில் ஓட்டலாமா? என் அம்மா வாழ்நாள் முழுக்கச் சேலையில்தான் ஓட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் போதும். செயினுக்கு மூடி அவசியம். சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவைத் தொங்கவிடாமல் குறுக்காக முடிந்துகொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ளாதவர்களுக்கு நாற்பது வயது தாமதமே இல்லை. எங்கள் தெருவில் போன வருஷம் மூன்று பேர் கற்றுக்கொண்டார்கள், ஒருவர் பேத்தி எடுத்தவர். சீட்டை நன்றாக இறக்கி, இரண்டு பாதமும் தரையில் பதியும்படி உட்காருங்கள். முடிந்தால் பெடல் இரண்டையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். காலால் தரையைத் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டே போனால் இரண்டு மூன்று நாளில் பாலன்ஸ் வந்துவிடும். அப்புறம் பெடலை மாட்டி மிதிக்கவேண்டியதுதான். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, அவர் எப்போது கையை விடுவாரோ என்று நடுங்கவேண்டிய அவசியமில்லை. லாரி பஸ் வராத தெருவாக, காலை வேளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ராஜ வீதிகள் நேர் நேராக இருப்பதால் இந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள்!

இருட்டின பிறகு போவதானால் முன்னால் ஒரு விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பாட்டரியில் கிடைக்கின்றன, மாட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக் கட்டை நனைந்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். கொட்டுகிற மழையில் சந்தைக்குப் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, அன்றைக்குப் பருப்புத் துவையல் அரைத்துக்கொள்ளலாம். நனைந்த செயினை மறுநாள் பழந்துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விட்டுவிடாதீர்கள், பிசுக்குப் பிடித்து மண் ஒட்டும். சைக்கிள் கடையில் மெஷின் எண்ணெய் என்று கேட்டால் சின்ன டப்பாவில் தருவார்கள்.