பச்சைப் பூவரசில் ஒரு அகப்பை

சாக்கோட்டைப் பக்கம் பூவரசுக் கிளையை வெட்டினா நேரா அடுப்புக்குத்தான் போகுது. அதுல ஒரு அகப்பை இருக்கு என்கிறேன் நான். ஹவாய்க்காரர்கள் இதே மரத்தில்தான் கிண்ணம் குடைந்தார்கள். சாப்பாட்டில் மர வாடை ஏறாது.

கிளை ஈரமாக இருக்கும்போதே செதுக்குங்க. காய்ந்துவிட்டால் உளியோடு மல்லுக்கட்டணும். முதலில் நீளவாக்கில் பிளந்து, நட்டநடுத் தண்டை வாச்சியால் சீவி எறிங்க. ஏன்னா, மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் கிட்டத்தட்ட 2 மடங்கு. நடுத்தண்டு உள்ளே மாட்டிக்கிட்டா விரிசல் ஏறக்குறைய நிச்சயம். குழியும் விளிம்பும் ஒரே கனமாக இருக்கட்டும்.

நம்மூர் சித்திரை வெயிலில் மட்டும் வைக்காதீங்க. மேல்பக்கம் முந்திக் காயும், உள்ளே ஈரம் நிற்கும், பிளந்துடும். சீவலுக்குள்ளேயே புதைத்து ஒரு வாரம் நிழலில் வைங்க. அப்புறம்தான் கடைசி இழைப்பு.